அத்தை அரைத்த இலையும் மருந்துக்கடை ட்யூபும்

வாசகி கேட்டது:

டாக்டருக்கு வணக்கம். எங்களுக்குத் திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். எட்டு மாதமாக எனக்கு இடுப்பில் படர்தாமரை. மருந்துக்கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவிய இரண்டே நாளில் அரிப்பு நின்றது, ஒரு வாரத்தில் சிவப்பும் போனது. ஆனால் நிறுத்தினால் பத்து நாளில் முன்னைவிடப் பெரிதாக வந்துவிடுகிறது. இதுவரை ஏழெட்டு ட்யூப் ஆகிவிட்டது. இப்போது என் கணவருக்குத் தொடையிடுக்கிலும், ஆறு வயது மகளுக்குக் கழுத்திலும் வந்திருக்கிறது. என் முன்கையில் இருந்த படைக்கு அத்தை (மாமியார்) சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் போட்டார். படை அடங்கியது மாதிரி இருந்தது, ஆனால் அந்த இடம் கொப்புளித்துக் கறுத்துவிட்டது. "பச்சிலை எல்லாம் மூடநம்பிக்கை" என்கிறார் என் கணவர். "நாங்கள் இதைப் போட்டுத்தானே குணமானோம்" என்கிறார் அத்தை. இலைக்கு உண்மையிலேயே பூஞ்சையைக் கொல்லும் சக்தி உண்டா? உண்டென்றால் டாக்டர்கள் ஏன் எழுதித் தருவதில்லை?

டாக்டரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அத்தை சொன்னது பொய்யில்லை. சீமை அகத்தி இலையில் பூஞ்சையைக் கொல்லும் பொருள்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இருப்பவற்றில் எனக்குக் கவலை தருவது அந்த ட்யூப்தான். அதைப் பற்றிக் கடைசியில் கண்டிப்பாகப் பேசுவேன். முதலில் இலை.

செடி எதற்காகப் பூஞ்சையைக் கொல்லும் பொருளைத் தயாரிக்க வேண்டும்? தன் உயிரைக் காத்துக்கொள்ளத்தான். டெல்டாவில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. நெற்பயிரில் குலை நோய் விழுந்த வயலைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஒரு பூஞ்சை. செடிகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை பூஞ்சையால்தான் வருகின்றன. நமக்கு ரத்தத்தில் சுற்றி வந்து கிருமியைப் பிடிக்கும் வெள்ளையணுக்கள் இருக்கின்றன. செடிக்கு அது கிடையாது, நின்ற இடத்தைவிட்டு நகரவும் முடியாது. அதனால் பட்டையில், இலையில், விதையில் கசப்பும் காரமும் சாயமுமாக ரசாயனங்களைச் சேர்த்து வைக்கிறது. நம் அஞ்சறைப்பெட்டியில் மணக்கும் பொருள்களில் பல இப்படிச் சேர்த்து வைத்த ஆயுதங்கள்தான்.

ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாகக் கசக்கி முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறும் அந்தக் காட்டம் தைமால் என்ற பொருளுடையது. ஓம எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். கிராம்பில் யூஜினால் இருக்கிறது. வெற்றிலைக் காரத்திலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. இவை எல்லாம் எண்ணெயில் கரையும் பொருள்கள். பூஞ்சையின் செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனது. தைமால் அந்தச் சவ்வுக்குள் நுழைந்து கட்டுமானத்தைக் குலைக்கிறது. சவ்வு ஓட்டையாகி, உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் வெளியே கசிந்து, பூஞ்சை செத்துப்போகிறது.

பூண்டின் வழி வேறு. முழுப் பல்லில் வாசனையே இருக்காது. அதை நசுக்கியதும், தனித்தனி அறையில் இருந்த இரண்டு பொருள்கள் ஒன்று சேர்ந்து சில நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. பூஞ்சையின் நொதிகளில் கந்தகம் உள்ள இடமாகப் பார்த்து அல்லிசின் ஒட்டிக்கொள்ள, அந்த நொதி வேலை செய்யாமல் போகிறது. அல்லிசினிலிருந்து கிடைக்கும் அஜோயின் என்ற பொருளை 0.4 சதவீதக் களிம்பாக்கி, வெனிசுவேலா நாட்டில் 34 பேரின் கால் படைக்குத் தடவிப் பார்த்தார்கள். 1996-ல் வெளியான அந்த ஆய்வில் 27 பேருக்கு ஒரே வாரத்தில் குணமாகியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பூண்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது என்பதற்கு அது போதும். அதற்காகப் பூண்டை நசுக்கித் தோலில் வைத்துக் கட்டிவிடாதீர்கள். தீக்காயம் பட்டது போலத் தோல் வெந்து வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன்.

இனி உங்கள் அத்தையின் இலை. பெயரிலேயே 'சீமை' இருக்கிறது பாருங்கள், இது வெளியிலிருந்து வந்த செடி. தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிதான் இதன் பூர்வீகம். வண்டுகொல்லி என்றும் சொல்வோம். மஞ்சள் பூ மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இதன் இலையில் கிரைசோஃபனால், எமோடின், ரெய்ன் என்று ஆந்த்ராகுவினோன் குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை அங்கீகரித்திருக்கும் பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. அங்கே 'அகபுல்கோ' என்பார்கள், படைக்கும் தேமலுக்கும்தான் பயன்படுத்துகிறார்கள். இதன் இலைச்சாறு தேமலுக்கு எப்படி வேலை செய்கிறது என்று மனிதர்களிடமே செய்து பார்த்த ஆய்வு ஒன்று 1994-ல் வெளியானது. நம் சித்த மருத்துவர்களும் சீமை அகத்திக் களிம்பு தருவதுண்டு.

இதே குடும்பத்து ரசாயனத்துக்கு இந்தியாவில் இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. 1870-களில் கோவாவிலும் பம்பாயிலும் படைக்குக் 'கோவா பவுடர்' என்று ஒரு மஞ்சள் பொடியைத் தடவுவார்கள். எங்கிருந்து வருகிறது என்றே பலருக்குத் தெரியாது. பிரேசிலில் வளரும் அரரோபா என்ற மரத்தின் தண்டுக்குள் இருக்கும் பொடி அது, போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. சீமை அகத்தி இலையில் இருக்கும் பொருளுக்கு நெருங்கிய சொந்தம்தான் அதில் இருந்தது. படையை அது விரட்டியது. கூடவே சுற்றியிருந்த நல்ல தோலை எரித்தது, துணியெல்லாம் போகாத கறையாக்கியது. ஒரே பொருள்தான் இரண்டு வேலையையும் செய்தது.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. பூஞ்சையைச் செடியினம் என்று பலர் நினைக்கிறார்கள். உயிர்களின் வம்சாவளியில் அது செடியைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு. அதன் செல்லும் நம் செல்லும் பல விதங்களில் ஒன்றுபோல இருக்கும். அதனால் அதைக் கொல்லும் பொருள் நம்மையும் தொட்டுப் பார்க்கும். நாங்கள் எழுதித் தரும் பூஞ்சை மருந்துகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. நம் செல்லின் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால், பூஞ்சையின் சவ்வில் இருப்பது எர்கோஸ்டெரால். எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் வழியில் ஒரு படியை டெர்பினாஃபின் அடைக்கிறது, இன்னொரு படியை இட்ராகோனசோல், க்ளோட்ரிமசோல் வகை மருந்துகள் அடைக்கின்றன. நம் தோலுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. தைமாலும் அல்லிசினும் இவ்வளவு பார்த்துத் தாக்குவதில்லை. அளவு கொஞ்சம் கூடினால் பூஞ்சையோடு தோலும் வெந்துவிடும்.

அதற்காகச் செடியிலிருந்து வந்த எதையுமே நாங்கள் எழுதுவதில்லை என்று நினைக்காதீர்கள். ஆமணக்கு எண்ணெயை மிக அதிகச் சூட்டில் சிதைத்தால் அன்டிசைலினிக் அமிலம் என்ற பொருள் கிடைக்கும். சேற்றுப்புண் போல விரலிடுக்கில் வரும் பூஞ்சைக்கு அது நன்றாக வேலை செய்கிறது என்று மருந்தில்லாத களிம்போடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. (விளக்கெண்ணெயை அப்படியே தடவினால் இது கிடைக்காது.) ஆர்தர் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் 1907-ல் சொன்ன களிம்பு பல ஆண்டுகள் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தது. அதில் இரண்டே பொருள். ஒன்று பென்சாயிக் அமிலம், 6 சதவீதம். முதன்முதலில் அது கிடைத்தது சுமத்ரா பக்கத்திலிருந்து வந்த அசல் சாம்பிராணிப் பிசினிலிருந்து. இன்னொன்று சாலிசிலிக் அமிலம், 3 சதவீதம். அதன் மூலம் வில்லோ மரப்பட்டை வழி வந்தது. ஊட்டியில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பதும் அதன் நெருங்கிய சொந்தம்தான். சாலிசிலிக் அமிலம் பூஞ்சை குடியிருக்கும் செத்த தோலை உரித்து எடுக்கிறது. பென்சாயிக் அமிலம் பூஞ்சை செல்லுக்குள் புகுந்து அதை உள்ளேயே புளிக்கச் செய்கிறது. இப்போது இரண்டையும் தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள். வழி காட்டியவை மரங்கள். யாரோ அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, எத்தனை சதவீதம் போட்டால் பூஞ்சை சாகும், எத்தனை போட்டால் தோல் வேகும் என்று பார்த்து முடித்துவிட்டார்கள். அத்தை அரைக்கும் இலைக்கு அந்தக் கணக்கு இல்லை, அவ்வளவுதான். மழைக்காலத்து இலைக்கும் சித்திரை வெயிலில் பறித்த இலைக்கும், கொழுந்துக்கும் முற்றலுக்கும் சத்து ஒன்றாக இருக்காது.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு டீ ட்ரீ எண்ணெய் நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவில் வளரும் மரம் அது, நம் தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1992-ல் அதை 10 சதவீதக் களிம்பாகக் கால் படைக்குத் தடவிப் பார்த்தார்கள். அரிப்பும் செதிலும் குறைந்தன. ஆனால் பரிசோதனை செய்து பார்த்தால், மருந்தில்லாத களிம்பு தடவியவர்களிடம் இருந்த அளவுக்குப் பூஞ்சை அப்படியே இருந்தது. 2002-ல் 50 சதவீதக் கரைசலாகத் தடவியபோது 64 சதவீதம் பேரிடம் பூஞ்சை போயிருந்தது. மருந்தில்லாத கரைசல் தடவியவர்களில் 31 சதவீதம். ஆனால் எண்ணெய் தடவியவர்களில் சிலருக்குத் தோல் ஒவ்வாமல் தடித்துவிட்டது. அரிப்பு நிற்பதும் பூஞ்சை சாவதும் வேறு வேறு என்பதை இந்த 1992 ஆய்விலிருந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ட்யூப் விஷயத்திலும் நடந்தது இதுதான்.

இன்னொன்று, தூரம். 'ஆய்வகத்தில் பூஞ்சையைக் கொன்றது' என்று மூலிகைகளைப் பற்றி நீங்கள் படிக்கும் செய்திகளில் பெரும்பாலும் நடப்பது, ஒரு கண்ணாடித் தட்டில் வளரும் பூஞ்சை மேல் சாற்றை நேராக ஊற்றுவது. உங்கள் இடுப்பில் பூஞ்சை அப்படித் திறந்து கிடக்கவில்லை. தோலின் மேலடுக்கில் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றுகொண்டு, ரோமக்கால் வழியாகக் கீழேயும் இறங்கியிருக்கும். என் மேஜையில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். படையின் ஓரத்தில், நடுவில் இல்லை, அந்த மேடான ஓரத்தில், மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்டி ஸ்லைடில் போட்டு, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவேன். தோல் செல்கள் கரைந்து தெளியும்போது, அவற்றுக்கு நடுவே கண்ணாடி நூல் மாதிரி கிளை பிரிந்து, கணுக்கணுவாக ஓடும் இழைகள் தெரியும். அவைதான் பூஞ்சை. மேலே அரைத்துப் பூசிய இலை பத்து நிமிடத்தில் காய்ந்து உதிர்கிறது. அடியில் இருக்கும் இழை வரை எவ்வளவு இறங்கும்?

என் பாட்டி பூவரசங்காயின் காம்பைக் கிள்ளி, அதில் வடியும் மஞ்சள் பாலை எங்கள் படை மேல் தொட்டு வைப்பார். பூவரசு பருத்திக்கு உறவு. பருத்திச் செடி பூஞ்சையை எதிர்க்கத் தயாரிக்கும் காசிப்பால் என்ற பொருள் பூவரசங்காயிலும் இருக்கிறது என்று மருத்துவம் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நடவுக் காலத்தில் பெண்கள் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் போடுவதிலும் நியாயம் இருக்கிறது. மருதாணியின் சிவப்புச் சாயமான லாசோன் தோலின் கெரட்டினிலேயே போய்ப் பிணைகிறது, அதனால் அது உதிர்வதில்லை. படைக்கு நாகமல்லி வேரை அரைத்துப் போடும் வழக்கமும் உண்டு. அந்த வேரில் இருக்கும் ரைனகாந்தினும் மருதாணியின் லாசோனும் ஒரே ரசாயனக் குடும்பம்தான், நாஃப்தோகுவினோன் என்று பெயர். நம் பெண்கள் எந்த ஆய்வகமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக, பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது இது. உங்கள் கணவர் இதை மூடநம்பிக்கை என்று சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்படியானால் முன்கை ஏன் கொப்புளித்தது? எனக்கு இலை மேல் அவ்வளவு சந்தேகமில்லை, எலுமிச்சை மேல்தான் சந்தேகம். எலுமிச்சைச் சாற்றிலும் தோலிலும் ஃப்யூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது பட்ட தோலில் வெயில் பட்டால், ஓரிரு நாளில் கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். இடுப்பென்றால் சேலைக்குள் மறைந்திருக்கும். முன்கையில் அரைத்துப் போட்டுவிட்டு வெயிலில் நின்றிருப்பீர்கள். அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல மறையும். அது போக எதையும் தேய்க்காதீர்கள், வெயில் படாமல் மூடி வையுங்கள். படைக்கு இனி எலுமிச்சை வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

இப்போது ட்யூப். அதை எடுத்து அதில் எழுதியிருக்கும் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு நின்றது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு அநேகமாக உறுதியாகவே தெரிகிறது. பூஞ்சை நுழைந்ததும் நம் தோல் எதிர்த்துச் சண்டை போடுகிறது. சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. உங்களுக்குச் சுகமாக இருக்கிறது, பூஞ்சைக்கு அதைவிடச் சுகம். தடுப்பாரில்லாமல் பரவுகிறது. வட்டமாக இருந்த படை உருவம் மாறி, அனுபவமுள்ள டாக்டரே குழம்பும்படி ஆகிவிடுகிறது. தொடையிடுக்கில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போல வரிகள் விழும். அந்த வரிகள் போகவே போகாது. உங்கள் கணவர் இதே ட்யூபைத் தடவுகிறாரா என்று கேளுங்கள். மகளின் கழுத்தில் இது ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 2018-லேயே மத்திய அரசு சேர்த்துவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. என் கிளினிக்கில் படையோடு வருபவர்களில் கைப்பையிலிருந்து இப்படி ஒரு ட்யூபை எடுத்துக் காட்டாதவர்கள் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. அத்தையின் காலத்துப் படையும் உங்கள் படையும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்து சென்ற நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, ஜப்பான் ஆய்வாளர்கள் 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பல நேரம் டெர்பினாஃபினுக்கு இது அடங்குவதில்லை. அந்த மருந்து போய்ப் பூட்ட வேண்டிய நொதியில் ஒரே ஓர் எழுத்து மாறியது போல ஒரு சின்ன மாற்றம், அதனால் சாவி பொருந்துவதில்லை. 2023-ல் நியூயார்க்கிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். தைமால் மாதிரிச் சவ்வையே உடைக்கும் பொருள்களை ஆய்வாளர்கள் இன்று மீண்டும் ஆர்வமாகப் பார்ப்பது இதனால்தான். அது ஒரே பூட்டை நம்பியிருக்கவில்லை. ஆய்வகத்தில் பூஞ்சை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது மருந்தின் வேகம் கூடியதும் உண்டு. அது ஒருநாள் ட்யூபாக வரும் என்று நானும் காத்திருக்கிறேன். ஆனால் மூன்று பேருக்குப் பரவி, எட்டு மாதம் ஸ்டீராய்டு குடித்த படைக்கு, இன்றைக்கு இலையை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனமில்லை.

ட்யூபை இன்றே நிறுத்துங்கள். நாலைந்து நாளில் சிவப்பும் அரிப்பும் முன்னைவிட மோசமாகும். பயந்து மறுபடி தடவிவிடாதீர்கள், அது எதிர்பார்த்ததுதான். அரிப்புக்கு மாத்திரை தருவோம். தோல் மருத்துவரிடம் மூன்று பேரும் ஒன்றாகப் போங்கள், ஒருவர் மட்டும் குணமாகிப் பயனில்லை. பெரியவர்களுக்கு மாத்திரை தேவைப்படும், குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல். இட்ராகோனசோல் எழுதினால் சாப்பாடு முடிந்த உடனே போடுங்கள். வயிற்றெரிச்சலுக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதோடு சேர்ந்தால் இது உடம்பில் சரியாக ஏறாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். களிம்பைப் படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும், படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். மகளுக்குக் களிம்பே போதுமா, எடைக்கேற்ற மருந்தும் வேண்டுமா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உங்களுக்கு ஆரம்பித்த இடம் இடுப்பு. பாவாடை நாடாவை இறுக்கி முடியும் இடம்தானே அது? நாள் முழுக்க வியர்வையில் ஊறும் அந்த நாடாவிலும், உங்கள் கணவரும் மகளும் கட்டியிருந்தால் அரைஞாண் கயிற்றிலும், பூஞ்சை தங்கியிருக்கும். கழுத்தில் தாயத்துக் கயிறு இருந்தால் மகளுக்கும் அதே கதை. சிகிச்சை முடியும் வரை கயிறுகளைக் கழற்றிவிடுங்கள், பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். துண்டு ஆளுக்கொன்று. உடுத்திய துணியைக் கொதிக்கும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப் போடுங்கள்.

சீமை அகத்திச் செடியை வெட்ட வேண்டாம். புதிதாக ஒரு சின்னப் படை, ரூபாய் நாணயம் அளவுக்கு, எந்த ட்யூபும் படாததாக இருந்தால், எலுமிச்சை சேர்க்காமல் இலையை மட்டும் அரைத்து இரண்டு வாரம் போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. எரிந்தால் கழுவிவிட வேண்டும், இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் டாக்டரிடம் வர வேண்டும். முகம், பிறப்புறுப்பு, குழந்தைகள், தலை, நகம் இவற்றில் வேண்டாம். தலையிலும் நகத்திலும் வந்தால் வெளிப்பூச்சு எதுவும் பெரும்பாலும் எட்டாது.

டாக்டரிடம் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து படை மேல் இலை, களிம்பு, எண்ணெய் எதுவும் போடாதீர்கள். அப்போதுதான் செதில் சுரண்டிப் பார்க்கும்போது பூஞ்சை தெளிவாகத் தெரியும். பழைய ட்யூப்களின் அட்டைப்பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். அத்தையையும் அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் கைக்கு இலை அரைத்துப் பூசியவர் அவர்தான், அவருடைய கால்விரல் இடுக்கையும் நகத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.